தெருவுல தண்ணி எதுவரைக்கும் வந்துச்சு? நெல்லை வெள்ள வரைபடத்துக்கான விவாத இழை

பாளை_வாசகி | 14 செப்டம்பர் 2025, இரவு 9:10

2023 டிசம்பர் வெள்ளப் படங்கள் எங்க குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் குவிஞ்சு கிடக்கு. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால அதையெல்லாம் வரைபடத்தில் ஏத்திரலாம்னு நாலஞ்சு பேர் பேசிக்கிட்டோம். தண்ணி நின்ன இடத்துலயெல்லாம் கூகுள் மேப்பில் ஒரு சிவப்புப் புள்ளி வச்சா போதும்தானே? செயற்கைக்கோள் படமே இருக்கும்போது நாம எதுக்கு மெனக்கெடணும்னு ஒருத்தர் கேக்கார். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மறுகால் | 14 செப்டம்பர், இரவு 10:45

சிவப்புப் புள்ளி போதாது அக்கா. ஒவ்வொரு புள்ளியோடும் நாலு சேதி இருக்கணும். எந்த இடம், எந்த நேரம், எதிலிருந்து அளந்து எவ்வளவு உயரம், அந்தத் தண்ணி எங்கிருந்து வந்தது. முதல் மூணை ஓரளவு எல்லாரும் எழுதிருவாங்க. நாலாவதை யாரும் கேக்கிறதே இல்ல. நம்ம ஊருக்கு அதுதான் உயிர்.

ஏன்னா, 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்தது மலையில மட்டும் பெய்த மழை இல்ல. 18-ம் தேதி காலை 8:30-க்கு முடிஞ்ச 24 மணி நேரத்தில் கடலோரக் காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. அணைக்கு மேலயும் பெய்தது, அணைக்குக் கீழ சமவெளியிலும் கொட்டித் தீர்த்தது. அதனால ஆத்துத் தண்ணி, குளம் உடைச்ச தண்ணி, தெருவிலேயே விழுந்து வாறுகால் (சாக்கடை) கொள்ளாம நின்ன தண்ணி, மூணும் ஒரே நாளில் ஊருக்குள்ள இருந்துச்சு. சிந்துபூந்துறை, மீனாட்சிபுரம், கொக்கிரகுளம் தாமிரபரணி ஆத்துக்கு ஒட்டின இடம். ஆத்துக்குத் தள்ளி மேட்டில் இருக்கிற பாளைத் தெருக்களில் நின்ன தண்ணிக்கு ஆறு காரணமா இருக்க முடியாது. அங்க குளத்தையும் கால்வாயையும்தான் பாக்கணும். மூணையும் ஒரே சிவப்பில் போட்டா பாக்கிறவருக்கு ஒண்ணும் புரியாது. ஆத்துத் தண்ணின்னா அணை திறப்பு அறிவிப்பைப் பாத்து வீட்டைக் காலி பண்ண நேரம் கிடைக்கும். குளத்துத் தண்ணின்னா மறுகால், அதாவது குளம் நிறைஞ்சு வழியுற தண்ணி, போற பாதையில என்ன அடைச்சிருக்குன்னு தேடணும். மழைத் தண்ணின்னா வாறுகாலும் சிறுபாலமும். மூணுக்கும் மருந்து வேற வேற.

மறுகால் | 15 செப்டம்பர், காலை 6:20

செயற்கைக்கோள் பத்திக் கேட்டவருக்கு.

மேகத்துக்கு ஊடே பாக்கிற ரேடார் செயற்கைக்கோள் சென்டினல்-1. அதோட படம் இலவசம், ஒரு கட்டம் 10 மீட்டர். தேங்கி நிக்கிற தண்ணி ரேடார் அலையை வேற பக்கமாச் சிதறடிச்சிரும், அதனால படத்தில் கறுப்பாத் தெரியும். வயக்காட்டில் இது நல்லா வேலை செய்யும். ஊருக்குள்ள செய்யாது. தண்ணியில பட்ட அலை பக்கத்துச் சுவரிலயும் பட்டுத் திரும்பிரும், அந்த இடம் கறுப்பா இருக்க வேண்டியது வெளிச்சமாத் தெரியும். டவுண் முடுக்குகளின் (சின்னச் சந்துகளின்) அகலம் ஒரு கட்டத்தைவிடக் குறைவு, அதுல ஒண்ணுமே தனியாப் பிரிஞ்சு தெரியாது. வாழைத் தோட்டத்துக்குள்ள நிக்கிற தண்ணியை இலை மறைச்சிரும். இது போக ஒரு செயற்கைக்கோள் அதே பாதைக்குத் திரும்பி வர 12 நாள் ஆகும். ராத்திரி ஏறி மத்தியானம் வடிஞ்ச தண்ணி அதுக்குச் சிக்காது. சாதாரணக் கேமரா வகைப் படமோ மேகத்தோட நின்னுரும்.

வயலுக்கு ரேடார், தெருவுக்கு மனுசன்.

சிந்துபூந்துறை | 15 செப்டம்பர், மதியம் 1:05

வாட்ஸ்அப்பில் கிடக்கிற படத்தில் இடம் பதிஞ்சிருக்குமா?

மறுகால் | 15 செப்டம்பர், இரவு 8:30

இருக்காது. வாட்ஸ்அப்பில் படமா அனுப்பினா எடுத்த இடமும் நேரமும் அழிஞ்சிரும். கோப்பா, அதாவது 'டாகுமென்ட்'டா அனுப்பினா மட்டும் தங்கும். அதுவும் எடுத்தவர் போன் கேமராவில் 'லொகேஷன்' போட்டு வச்சிருந்தாத்தான். அதனால குழுவில் சுத்துற படத்தை இறக்கி நேரத்தை வீணாக்காதீங்க. எடுத்தவரைத் தேடிப் பிடிச்சு மூலப் படத்தைக் கோப்பா வாங்குங்க. அவர் போனை மாத்தியிருந்தாலும் கூகுள் போட்டோஸில் ஏறியிருந்தா நேரம் மிஞ்சியிருக்கும்.

மூலப் படம் கிடைக்கலன்னா படத்துக்குள்ள இருக்கிறதை வச்சுத்தான் இடம் பிடிக்கணும். கடைப் பலகை, இபி கம்பத்தில் பெயின்டில் எழுதின எண், டிரான்ஸ்பார்மர் பெயர், கோயில் கோபுரம் எந்தப் பக்கம் தெரியுதுங்கிறது. கம்பம் எண்தான் இதில் ரொம்ப நம்பகமானது. 'பிள்ளையார் கோயில் தெரு', 'காமராஜர் தெரு'ன்னு எழுதி வச்சா அதே பேரில் மாநகராட்சிக்குள்ள பல தெரு இருக்கும்.

எழுத்தில் இடம் கொடுக்க ரெண்டு வழி. ஒண்ணு கூகுள் மேப்பிலேயே கிடைக்கிற பிளஸ் கோடு. பத்து எழுத்து முழுசா எழுதினா ஏறக்குறைய 14 மீட்டர் கட்டம். இன்னொண்ணு அஞ்சல் துறை 2025 மே மாசம் வெளியிட்ட டிஜிபின். அதுவும் பத்து எழுத்து, கட்டம் சுமார் 4 மீட்டர். நாலு மீட்டர்னா தெருவின் எந்த ஓரம்னே தெரிஞ்சிரும். ஆனா வீட்டுக்குள்ள உக்காந்து எடுத்தா போன் காட்டுற இடமே பத்து இருபது மீட்டர் தள்ளி நிக்கும், அப்போ நாலு மீட்டர் கட்டத்தால என்ன லாபம்? வெளிய வந்து, வானம் தெரியுற இடத்தில் அரை நிமிஷம் நின்னு எடுக்கணும்.

டியூப்_லெவல் | 16 செப்டம்பர், காலை 7:15

உயரம் பத்தி நான் எழுதுதேன், கட்டட வேலைக்காரன்.

'இடுப்பளவு தண்ணி'ன்னு சொல்றதைத் தள்ள வேண்டாம், அப்படியே வாங்குங்க. கரண்டை (கணுக்கால்) 10 செ.மீ., முழங்கால் 50, இடுப்பு 95, நெஞ்சு 125-ன்னு ஒரு பெரிய ஆளுக்குத் தோராயமா வைக்கலாம். சொன்னவர் வார்த்தையை ஒரு கட்டத்திலும் செ.மீ. கணக்கை அடுத்த கட்டத்திலும் தனித்தனியா எழுதணும். கணக்கை மட்டும் எழுதினா நாளைக்கு யாரோ அதை அளந்து எடுத்த எண்ணுன்னு நம்பிருவாங்க.

அளக்கணும்னா சுவரில் கறை பாருங்க. இதுல ஒரு ஏமாத்து இருக்கு. செங்கல் சுவர் தண்ணியை மேல இழுக்கும். பூச்சில் தெரியுற ஈரக் கோடு உண்மையான மட்டத்தைவிட ஒரு சாணுக்கு மேலயும் இருக்கலாம். ஈரக் கோட்டை விட்டுட்டு வண்டல் கோட்டைப் பிடிங்க. ஜன்னல் கண்ணாடி, இரும்பு கிரில், பீரோ கதவு, ஃபிரிட்ஜ் கதவு, இதெல்லாம் தண்ணியை உறிஞ்சாது, அதுல நிக்கிற சேத்துக் கோடுதான் சரியான மட்டம். தெருப்பக்கச் சுவரைவிட வீட்டுக்குள்ள இருக்கிற கோடு நல்லது. தெருவில் பஸ்ஸும் லாரியும் போனா அலை அடிச்சுக் கோடு மேல ஏறியிருக்கும்.

எதிலிருந்து அளக்கறீங்கன்னு எழுதாத உயரத்துக்கு மதிப்பே இல்ல. 'மூணு அடி தண்ணி' வீட்டுத் தரையிலிருந்தா, நடைப்படிக்குக் கீழேயிருந்தா, ரோட்டு நடுவிலிருந்தா? பேஸ்மென்ட் உயரத்திலேயே ரெண்டு அடி வித்தியாசம் வந்திரும். நான் சொல்லுறது: ரோட்டு நடு மேட்டிலிருந்து ஒரு அளவு, வாசல் நடையிலிருந்து ஒரு அளவு, ரெண்டும் எழுதுங்க. ரோடு நிலையானது இல்ல. பழைய தாரைச் சுரண்டாம மேல மேல போட்டுக்கிட்டே வந்தா ஒவ்வொரு தடவையும் சில செ.மீ. உசரும், அஞ்சு வருசம் கழிச்சு அந்தக் கணக்கு பொருந்தாது. கோயில் கல் படி, பாலத்துக் கைப்பிடிச் சுவர், பழைய கல் மண்டபத் தூண் மாதிரி அசையாத ஒண்ணோடும் முடிச்சுப் போட்டு வைக்கணும்.

மறுகால் | 16 செப்டம்பர், காலை 9:00

அண்ணாச்சி சொன்ன ஈரக்கோடு சேதி தங்கம். படிவத்தில் 'எந்தப் பரப்பில் கோடு' என்று ஒரு கேள்வி சேத்திருங்க: பூச்சு, கண்ணாடி, இரும்பு, மரம்.

இதோட ஒரு எச்சரிக்கை. போன் காட்டுற கடல்மட்ட உயரத்தை நம்பி யாரும் எழுதிராதீங்க. ஜிபிஎஸ் அளக்கிறது பூமியின் கணக்கு வடிவத்திலிருந்து. நம்ம தென்கோடியில் உண்மையான கடல் மட்டம் அந்தக் கணக்கு வடிவத்துக்கு 90 மீட்டருக்கும் மேல் கீழே இருக்கு. உலகத்திலேயே இந்தப் பள்ளம் அதிகமா இருக்கிறது இலங்கைக்குத் தெக்கே, இந்தியப் பெருங்கடலில்தான். இந்த வித்தியாசத்தைக் கணக்கில் எடுக்காத ஆப், கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 50 மீட்டர் மேல இருக்கிற நெல்லையில் நின்னாலும் மைனஸ் நாப்பது சொச்சம்னு காட்டும். கணக்கில் எடுக்கிற ஆப்பிலும் பத்து மீட்டர் முன்னப் பின்ன ஆடும். நமக்கு வேண்டியது செ.மீ. இலவசமாக் கிடைக்கிற 30 மீட்டர் கட்ட உயர வரைபடமும் இதே கதைதான், அதுல கட்டடக் கூரையும் மரத் தலையும் தரை உயரமாக் கலந்திருக்கு. அதை வச்சு 'இந்தத் தெரு பள்ளம், அந்தத் தெரு மேடு'ன்னு முடிவு கட்டக் கூடாது.

பாளை_வாசகி | 16 செப்டம்பர், இரவு 9:40

அப்போ ஒரு தெருவை இன்னொரு தெருவோட எப்படி ஒப்பிடுறது? சர்வே ஆள் வைக்க எங்ககிட்ட காசு கிடையாது.

டியூப்_லெவல் | 17 செப்டம்பர், காலை 6:50

கொத்தனார்கிட்ட இருக்கிற தண்ணி டியூப் போதும் தாயீ. கண்ணாடி மாதிரி தெரியுற பிளாஸ்டிக் டியூப், உள்துளை 8 முதல் 10 மி.மீ., நீளம் 15 மீட்டர். உள்ள காத்துக் குமிழி ஒண்ணுகூட இருக்கக் கூடாது. ஒரு முனையை வாளியில் முக்கி, மறுமுனையில் உறிஞ்சி, மெல்ல நிரப்பணும். வேகமா ஊத்தினா குமிழி புகுந்திரும். தண்ணியில கொஞ்சம் நீலம் கலந்தா மட்டம் கண்ணுக்கு நல்லாத் தெரியும். ரெண்டு முனையையும் சேத்துப் பிடிச்சு மட்டம் ஒண்ணா நிக்குதான்னு முதல்ல சோதிங்க. நின்னாத்தான் வேலையைத் தொடங்கணும்.

பிறகு ஒருத்தர் கோயில் படியில், இன்னொருத்தர் அடுத்த வீட்டுச் சுவரில். மட்டத்தைப் பென்சிலில் குறிச்சு, அங்கிருந்து அடுத்தது. ஒரு தூக்குக்கு, அதாவது டியூப்பை ஒரு தடவை வச்சு எடுக்கிறதுக்கு, அரை செ.மீ.க்குள்ள பிசகு வரும். தெரு முழுக்கப் போயிட்டு, தொடங்கின படிக்கே திரும்பி வந்து பாருங்க. அதே இடத்தில் வந்து நின்னா சரி. பத்து தூக்குக்கு ரெண்டு செ.மீ. விலகினா பொறுத்துக்கலாம், அஞ்சு செ.மீ. விலகினா குமிழி இருக்கு, அல்லது டியூப் எங்கயோ மடங்கிக் கிடக்கு. வெயிலில் பாதி நிழலில் பாதி டியூப்பைப் போட்டாலும் மட்டம் கொஞ்சம் ஆடும். காலையிலேயே முடிச்சிருங்க.

ரெண்டு ஆள், ஒரு காலைப் பொழுது, ஒரு தெரு.

சிந்துபூந்துறை | 17 செப்டம்பர், மாலை 5:30

நேரம் எழுதறதில் என்ன சிக்கல்? மணி போட்டா முடிஞ்சுல்லா.

மறுகால் | 17 செப்டம்பர், இரவு 10:15

அதில்தான் பாதிப் பதிவு கெட்டுப் போகும். '17 ராத்திரி 2 மணிக்கு வீட்டுக்குள்ள ஏறிருச்சு'ன்னு சொன்னா அது காலண்டர்படி 18-ம் தேதி விடிகாலை 2 மணி. சொல்றவருக்கு அவர் தூங்கப் போன தேதிதான் மனசில் இருக்கும். வானிலைத் துறையின் மழைக் கணக்கோ முந்தின நாள் காலை 8:30-லிருந்து அன்னைக்குக் காலை 8:30 வரைக்கும், முடியுற தேதியில் எழுதுவாங்க. ஆக 18-ம் தேதி மழைன்னு அட்டவணையில் இருக்கிறதில் பெரும் பங்கு 17 பகலும் ராத்திரியும் பெய்தது. இது தெரியாம ரெண்டையும் பக்கத்தில் வச்சா, 'தண்ணி வந்த பிறகுதான் மழையே பெய்திருக்கு'ன்னு வரைபடம் சொல்லும்.

எக்செலில் தேதியை அடிச்சா அது நாளையும் மாசத்தையும் இடம் மாத்திப் போடவும் செய்யும். 2023-12-18 02:00-ன்னு ஆண்டு முன்னாலயும், 24 மணிக் கணக்கிலும், எழுத்து வடிவக் கட்டத்தில் எழுதுங்க. மணி சரியாத் தெரியாதவரிடம் 'கரண்ட் போறதுக்கு முன்னாலயா பின்னாலயா', 'விடிஞ்சிருந்துச்சா', 'பால் வந்துருந்துச்சா'ன்னு கேளுங்க. ரெண்டு மணி நேர இடைவெளிக்குள்ள வந்திரும். அந்த இடைவெளியை அப்படியே 'இத்தனையிலிருந்து இத்தனைக்குள்'னு எழுதினாப் போதும்.

மூணு நேரம் வாங்கணும்: ஏறத் தொடங்கினது, உச்சி, வடிஞ்சது. இந்த மூணும் இருந்தா தண்ணி எங்கிருந்து வந்ததுன்னு பாதி தானே தெரிஞ்சிரும். தெரு மழைத் தண்ணி மழை நின்னதும் சில மணி நேரத்தில் இறங்கும். ஆத்துத் தண்ணி மழை விட்ட பிறகும் ஏறும். குளம் உடைச்சதுன்னா திடீர்னு, இரைச்சலோட, செம்மண்ணோ களியோ கலந்து வரும். ஒரு குளத்து மறுகால் அடுத்த குளத்துக்குப் போகுது, மேல ஒண்ணு உடைச்சா கீழ இருக்கிறதுக்கு அந்தப் பாரம் கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் வந்து சேரும். அதனாலதான் உச்சி நேரம் தெருவுக்குத் தெரு மாறும்.

மறுகால் | 18 செப்டம்பர், காலை 5:55

ராத்திரி விட்டுப்போனது. தண்ணி வந்த திசையையும் ஒரு அம்புக்குறியாப் போடுங்க. 'வடக்கே கால்வாய்ப் பக்கமிருந்து வந்துச்சு'ன்னு சொல்ல எல்லாருக்கும் தெரியும். பாளையங்கால்வாய், நெல்லைக் கால்வாய், கோடகன் கால்வாய் மூணும் ஒவ்வொரு அணைக்கட்டிலிருந்து வருது: பழவூர், சுத்தமல்லி, அரியநாயகிபுரம். அம்புக்குறிகளைச் சேத்துப் பாத்தா எந்தக் கால்வாயின் எந்த வளைவில் கரை வழிஞ்சதுன்னு கைவிரல் வைக்கலாம். உயரத்தைவிட இந்த அம்பு அதிகம் பேசும்னு இப்போ தோணுது.

ஓடுற தண்ணியா நிக்கிற தண்ணியாங்கிறதும் வேணும். ஓடுற தண்ணி 15 செ.மீ. இருந்தாலே ஆளைச் சாய்ச்சிரும், 30 செ.மீ. சின்னக் காரைத் தூக்கிரும். நின்ன தண்ணியில முழங்கால் வரை நடந்து போயிருப்பாங்க. உயரம் மட்டும் எழுதின வரைபடம் கரண்டையளவு வேகத் தண்ணியை 'ஆபத்தில்லை'ன்னு காட்டிரும்.

பேட்டை_பையன் | 20 செப்டம்பர், இரவு 11:20

எந்த ஆப்பில் இதைச் செய்ய? நான் யூமேப்னு வரைபடம் செய்யுற இணையதளத்தில் போட்டுப் பாத்தேன். என் புள்ளி எல்லாம் நெல்லையைக் காணோம், ஆர்க்டிக் கடலில் போய் நிக்குது!

மறுகால் | 21 செப்டம்பர், காலை 7:00

தம்பி, அட்சரேகையும் தீர்க்கரேகையும் இடம் மாறிருச்சு. நெல்லை 8.73 வடக்கு, 77.70 கிழக்கு. மாத்திப் போட்டா 77.70 வடக்கு, 8.73 கிழக்கு, ஸ்வால்பார்டுக்கு மேற்கே கடல். சிஎஸ்வி (அட்டவணைக்) கோப்பின் தலைப்பு வரியில் எந்தக் கட்டம் எதுன்னு சரிபாத்து மறுபடி ஏத்துங்க. புள்ளிக்குப் பின்னால அஞ்சு இலக்கம் வேணும், அது ஒரு மீட்டர் அளவு. மூணு இலக்கத்தில் நிறுத்தினா நூறு மீட்டர் தள்ளிப் போகும்.

தெருவில் இறங்கிச் சேகரிக்க கோபோ டூல்பாக்ஸில் படிவம் செஞ்சு, போனில் கோபோ கலெக்ட் வச்சு நிரப்பலாம். நெட் இல்லாமலும் நிரப்பும், சிக்னல் வந்ததும் அனுப்பும். இடத்துக் கேள்வியில் துல்லியம் 10 மீட்டருக்குக் கீழ வந்த பிறகு சேமிக்கணும். படிவம் ஒரு ஆளுக்கு நாலு நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது, போனா ரெண்டாவது தெருவிலேயே கேக்கிறவருக்கும் சொல்றவருக்கும் அலுப்பு தட்டிரும். சேத்ததைக் காட்ட யூமேப் நல்லது. மூணு அடுக்கு வைங்க: ஆறு நீலம், குளமும் கால்வாயும் ஊதா, மழைத் தண்ணி பச்சை.

எல்லாரும் சேந்து வரையுற பொது வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் வெள்ளத்தை ஏத்தாதீங்க. அங்க நிலையா இருக்கிற பொருளுக்குத்தான் இடம். வாறுகால், சிறுபாலம், மடை, மறுகால், குளக்கரை இதெல்லாம் தாராளமா ஏத்தலாம், ஏத்தியே ஆகணும். மறுகால் போற ஓடை வரைபடத்தில் இருந்தாத்தான் நாளைக்கு அதன் மேல எழும்புற சுவரைக் கண்டுபிடிக்க முடியும். சிறுபாலத்துக்குக் குழாயா பெட்டியா, உள்விட்டம் எவ்வளவு, பாதி மண் மூடிக் கிடக்கான்னு குறிங்க. 90 செ.மீ. குழாய் 60 செ.மீ. குழாய்க்குள்ள போய்ச் சேருற இடம் ஒண்ணு கண்டுபிடிச்சாலே அந்த வாரம் வீண் போகல.

டியூப்_லெவல் | 21 செப்டம்பர், மாலை 6:10

குழாய் விட்டத்தை மேல நின்னு பாத்து எழுதாதீங்க. டேப்பை உள்ள விட்டு, தண்ணி மட்டத்துக்கு மேல எவ்வளவு காலி, கீழ மண் எவ்வளவுன்னு மூங்கில் கம்பால் குத்திப் பாத்து எழுதுங்க. தூய்மைப் பணியாளர்களிடம் கேட்டா எந்த மூடிக்குக் கீழ எப்பவும் அடைக்கும்னு சொல்லிருவாங்க. அவங்களுக்குத் தெரிஞ்சது எந்த வரைபடத்திலயும் கிடையாது.

சிந்துபூந்துறை | 24 செப்டம்பர், காலை 8:25

பொய்ப் படம் வந்தா? போன தடவை சென்னைப் படத்தை நெல்லைன்னு சுத்த விட்டாங்க.

மறுகால் | 24 செப்டம்பர், இரவு 9:30

மூணு தரம் வைக்கலாம். சொல் மட்டும் இருந்தா மூணாம் தரம். மூலப் படமோ அளந்த கோடோ இருந்தா ரெண்டாம் தரம். ஒருத்தருக்கொருத்தர் தொடர்பில்லாத ரெண்டு பேர், 50 மீட்டருக்குள்ள, ஒரு மணி நேரத்துக்குள்ள ஒத்துப்போற சேதி சொன்னா முதல் தரம். எந்தத் தரத்தையும் அழிக்க வேண்டாம், வடிகட்டிப் பாக்க வழி வச்சாப் போதும். சந்தேகமா இருந்தா அனுப்பினவரிடம் அதே இடத்தை வேற கோணத்தில் ஒரு படம் கேளுங்க. பொய்யா அனுப்பினவர் கிட்ட ரெண்டாவது படம் இருக்காது. கூகுள் லென்ஸில் தேடினா பழைய படம் பெரும்பாலும் அகப்பட்டிரும்.

பேட்டை_பையன் | 24 செப்டம்பர், இரவு 10:05

50 மீட்டர் டவுணுக்குச் சரிப்படாது அண்ணாச்சி. 50 மீட்டருக்குள்ள மூணு முடுக்கு வந்திரும், ஒண்ணு மேடு, ஒண்ணு பள்ளம்.

மறுகால் | 25 செப்டம்பர், காலை 6:30

நியாயம். ரதவீதிக்கு உள்பக்கம் 'அதே முடுக்கு' என்று வைங்க. அகலத் தெருக்களில் 50 மீட்டர் இருக்கட்டும்.

பாளை_வாசகி | 2 அக்டோபர், மாலை 4:00

படிவம் தயார். ஆனா எங்க பக்கத்தில் சிலர், வெள்ளம் வந்த இடம்னு வரைபடத்தில் போட்டா மனை விலை இறங்கிரும்னு சொல்லிக் கதவையே திறக்க மாட்டேங்காங்க.

மறுகால் | 2 அக்டோபர், இரவு 10:20

அவங்க பயம் பொய் இல்ல, அதை மதிக்கணும். பொது வரைபடத்தில் வீட்டு மேல புள்ளி வேண்டாம். வீட்டுக்குள்ள எடுத்த அளவை டியூப் வச்சுத் தெருவுக்குக் கொண்டு வந்து, பக்கத்துக் கம்பத்துப் பேரில் பதியுங்க. ஆள் பேர், போன் எண், கதவு எண் எதுவும் பொதுக் கோப்பில் இருக்கக் கூடாது. ஆள் முகம் தெரியுற படத்தை வெட்டிட்டு ஏத்துங்க. 'இன்னொருத்தர் இங்க வீடு கட்டும்போது பேஸ்மென்ட்டை எவ்வளவு உசத்தணும்னு இதைப் பாத்துத்தான் தெரியும்'னு சொன்னா பலர் இறங்கி வருவாங்க. வராதவங்களை வற்புறுத்தாதீங்க, பக்கத்துக் கம்பம் போதும்.

கதவு திறக்காத வீட்டைவிடக் கவலைக்குரியது, போனே இல்லாத தெரு. புள்ளி அதிகமா இருக்கிற இடத்தில் சேதம் அதிகம்னு வரைபடம் காட்டும், நிசத்தில் அங்க போனும் நேரமும் அதிகம், அவ்வளவுதான். ஆத்தங்கரைத் தாழ்வான வரிசையில் இருக்கிறவங்க போனே தண்ணியோட போயிருக்கும். புள்ளி இல்லாத தெருவைச் சாம்பல் நிறத்தில் 'கேக்கப்படலை'ன்னு போடுங்க. கேட்டு, தண்ணி வரலைன்னு சொன்ன இடத்தை வெள்ளையா 'வரலை'ன்னு போடுங்க. ரெண்டும் ஒண்ணில்ல. 'வரலை' புள்ளி இல்லாம வெள்ளத்தின் விளிம்பை வரையவே முடியாது. அடுத்த தடவை ஆளைக் கூட்டிக்கிட்டு எங்க போறதுங்கிற கேள்விக்கும் அந்த வெள்ளைப் புள்ளிதான் பதில்.

சிந்துபூந்துறை | 5 அக்டோபர், காலை 11:00

இதெல்லாம் வெள்ளம் வடிஞ்ச பிறகு. மழை பெய்துக்கிட்டு இருக்கும்போதே நேரலையா ஓட்ட முடியாதா? ஜகார்த்தாவில் செய்யுறாங்களாம்லா.

மறுகால் | 5 அக்டோபர், இரவு 9:15

செய்யுறாங்க. 2014-ல் பெட்டாஜகார்த்தான்னு தொடங்கி 2017-ல் பெட்டாபென்சானா ஆச்சு. அப்போ யாராவது ட்விட்டரில் வெள்ளம்னு எழுதினா தானியங்கிப் பதில் போச்சு: இடத்தையும் ஆழத்தையும் இந்த இணைப்பில் பதியுங்கன்னு. அங்கத்தைய பேரிடர் மேலாண்மை அலுவலகமும் அதே வரைபடத்தில் வேலை செய்யுது, அதனாலதான் நிலைச்சுது. நம்ம பக்கம் 2015 சென்னை வெள்ளத்தில் ஓபன்ஸ்ட்ரீட்மேப்பை அடியில் வச்சு, மூழ்கின தெருவைச் சொடுக்கிச் சிவப்பாக்குற வரைபடம் ஓடுச்சு.

நெல்லைக்கு நேரலையில் ரெண்டு தடை. 2023-ல் கரண்ட் போய், செல்போன் கோபுரங்கள் பல செத்துப் போச்சு. ரொம்ப மோசமான இடத்திலிருந்து சேதி வர வழியே இல்ல. ரெண்டாவது, நேரலைப் பதிவுக்குக் காலாவதி வேணும். காலையில் போட்ட 'பாலத்தில் தண்ணி' சாயங்காலமும் சிவப்பா நின்னா ஜனங்க வரைபடத்தையே பாக்க மாட்டாங்க. மூணு மணி நேரத்தில் மங்கி, யாரும் உறுதி செய்யலைன்னா மறையணும், 'வடிஞ்சாச்சு'ன்னு ஒரு பொத்தானும் இருக்கணும்.

மீட்புக் கோரிக்கையைப் பொது வரைபடத்தில் வாங்கவே கூடாது. 'வயசான அம்மா மாடியில் தனியா'ன்னு வர்ற சேதியைப் பாத்து ஓடி வர நம்மகிட்ட படகும் இல்ல, ஆளும் இல்ல, வேண்டாதவன் கண்ணிலும் அது படும். படிவத்தின் முதல் திரையிலேயே 1077, 112 போட்டு, உதவின்னா இங்க கூப்பிடுங்கன்னு சொல்லிருங்க.

டியூப்_லெவல் | 6 அக்டோபர், காலை 7:30

குறுக்குத்துறை முருகன் கோயிலை விட்டுட்டீங்களே. ஆத்துக்குள்ள நிக்கிற கோயில், வெள்ளம் வந்தா மூழ்கும், உற்சவரை மேலக்கோயிலுக்குக் கொண்டு போயிருவாங்க. ஊரே அதைப் பாத்துத்தான் வெள்ளத்தை அளக்குது. மண்டபத்துத் தூணுக்கு டியூப் வச்சு ஒரு தடவை உயரம் எடுத்துட்டா, பிறகு எந்த வருசத்துப் படம் கிடைச்சாலும் தூணில் தண்ணி நிக்கிற இடத்தைப் பாத்து மட்டம் சொல்லிரலாம். தைப்பூச மண்டபமும் சுலோச்சன முதலியார் பாலத்துத் தூணும் அப்படியே.

மறுகால் | 6 அக்டோபர், காலை 8:10

அருமை அண்ணாச்சி. இதுக்கு ஒரே இடத்தில் நின்னு ஒரே கோணத்தில் எடுக்கணும். கரையில் பத்திரமான, வெள்ளத்திலும் போக முடியுற மேட்டில் ஒரு நிலை தேர்ந்து பெயின்டில் பாதக்குறி போட்டு வைக்கலாம். தண்ணி ஏறும்போது யாரும் படித்துறைக்கு இறங்கிப் படம் எடுக்கக் கூடாதுன்னு அங்கேயே எழுதி வைக்கணும். அதே மூணு இடத்தில் 1992 நவம்பர் வெள்ளத்துப் படமும் 2021 ஜனவரிப் படமும் பழைய ஆல்பங்களில் தேடுங்க.

பேட்டை_பையன் | 9 அக்டோபர், இரவு 8:45

மழையையும் நாமளே அளக்கலாமா?

மறுகால் | 9 அக்டோபர், இரவு 10:00

அளக்கலாம், எளிது. வாய் 20 செ.மீ. விட்டமுள்ள புனலைக் கேனில் செருகி, தட்டோடியில் (மொட்டை மாடியில்) சுவரும் மரமும் இல்லாத இடத்தில் மட்டமா வைங்க. வாயின் பரப்பு 314 சதுர செ.மீ., ஆக 31.4 மி.லி. தண்ணி சேந்தா 1 மி.மீ. மழை. அஞ்சு லிட்டர் கேன் 159 மி.மீ.க்கு நிறைஞ்சு வழிஞ்சிரும். காயல்பட்டினம் மாதிரி 95 செ.மீ. கொட்டினா அதே கேன் ஆறு தடவை நிறையும், பெருமழை ராத்திரியில் மூணு மணிக்கொரு தடவை ஊத்தி அளந்து எழுதணும். இடி மின்னல் இருந்தா மேல ஏற வேண்டாம், எழுதாம விட்டதை 'விட்டுப்போச்சு'ன்னு எழுதுங்க, பூஜ்யம்னு எழுதாதீங்க. எல்லாரும் காலை 8:30-க்கு நாளை முடிச்சா வானிலைத் துறைக் கணக்கோட நேரா ஒட்டும்.

பாளை_வாசகி | 12 அக்டோபர், இரவு 9:00

இந்த வருசம் வெள்ளம் வந்தா, வடிஞ்ச எத்தனை நாளுக்குள்ள அளக்கணும்?

டியூப்_லெவல் | 13 அக்டோபர், காலை 6:40

பொங்கலுக்கு வெள்ளையடிக்கிறதுக்குள்ள. டிசம்பர் வெள்ளத்தின் கோடு மார்கழி கடைசியில் சுண்ணாம்புக்குள்ள போயிரும். கண்ணாடி, கிரில் கோடு அதுக்கும் முன்னால, வீடு கழுவுற முதல் ரெண்டு நாளிலேயே போயிரும். தண்ணி இறங்கின அன்னைக்கே ஒரு ஆணியால் சுவரில் சின்னக் கீறல் போட்டு வைக்கச் சொல்லுங்க. அளக்கிறது பிறகு நிதானமா நடக்கட்டும்.

பாளை_வாசகி | 13 அக்டோபர், மதியம் 12:30

காகிதத்தில் குறிக்க வரைபடம் அச்சடிக்கப் போறோம். எந்த அளவு நல்லது?

மறுகால் | 13 அக்டோபர், இரவு 9:50

ஏ3 தாளில் 1:2000. ஒரு செ.மீ.க்கு 20 மீட்டர், ஓரம் போக ஏறக்குறைய 800-க்கு 550 மீட்டர் ஒரு தாளில் அடங்கும். வடக்கு அம்பும் அளவுக்கோடும் தாளிலேயே அச்சாகணும், ஜெராக்ஸ் கடையில் 'பக்கத்துக்குப் பொருத்து' அமுக்கினா அளவு மாறிரும், ஆனா கோடு கூடவே மாறுறதால கணக்கு தப்பாது. நாலு மூலையிலும் அட்ச தீர்க்க எண் எழுதிருங்க, ஸ்கேன் பண்ணித் திரும்ப வரைபடத்தில் ஒட்ட அது வேணும். ஈரத் தாளில் பால்பாயின்ட் எழுதாது, ஜெல் பேனா கலங்கிரும், 2பி பென்சில் எழுதும். தாளுக்கு ஒரு எண், ஒவ்வொரு பதிவுக்கும் அந்தத் தாளுக்குள்ள ஒரு எண்: 7-23-ன்னா ஏழாம் தாள், இருபத்து மூணாம் புள்ளி. அந்த எண்ணையே போனில் எடுக்கிற படத்துக்கும் பேரா வைங்க. நிறைஞ்ச தாளை அன்னைக்கே போட்டோ எடுத்து ரெண்டு வேற வீட்டில் வைங்க, ஒரு வீடு ஆத்துப் பக்கம் இருந்தா இன்னொண்ணு மேட்டில் இருக்கட்டும்.